காலை எடுத்த சத்தம்

போன ஆடியில் என் அக்கா மகன் சென்னையிலிருந்து காரில் வந்து பட்டறை வாசலில் இறங்கினான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டர்போ பெட்ரோல் வண்டி, சிவப்புக் கலர், இன்னும் முப்பத்தொரு தவணை பாக்கி. திருவண்ணாமலை ரோட்டில் முடுக்கிக்கொண்டு வந்தவன் வேகத்தடைக்கு முன்னால் காலை எடுத்திருக்கிறான். "பிஸ்ஸ்ஸ்" என்று ஒரு சீறல். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர், யாருக்கோ டயர் போய்விட்டது என்று எழுந்தே பார்த்தார்.

"கேட்டீங்களா மாமா? ப்ளோ ஆஃப் வால்வு. ஆன்லைன்ல வாங்கி மாட்டுனேன்."

"கேட்டுது. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

மூஞ்சிக்குக் காரணம் அதற்கு முன்னால் போன கல்வராயன் மலை. சிநேகிதர்களோடு மேகம் அருவி பார்க்கக் கிளம்பி, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியிருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் காலை எடுக்கும்போதெல்லாம் வண்டி குலுங்கியிருக்கிறது. ஒரு வளைவில் அணைந்தே போய்விட்டது. பின்னால் மரவள்ளி ஏற்ற வந்த காலி லாரி ஹாரன் அடிக்க, மூன்று பேர் இறங்கித் தள்ளி ஓரம் கட்டியிருக்கிறார்கள். டாஷ்போர்டில் மஞ்சளாக இன்ஜின் விளக்கு, உள்ளே பெட்ரோல் வாடை. மலைமேல் இருக்கிற வெள்ளிமலையைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிட்டார்கள்.

நான் டீசல்காரன். பம்பு, நாசில், டர்போ, இவைதான் என் சோறு. 1988 இல் பட்டறை போட்டபோது இது தென்னார்க்காடு மாவட்டம். 1993 இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது, 2019 இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனது. ஒரு இன்ச்கூட நகராமல் மூன்று மாவட்டத்தில் தொழில் செய்தவன். பெட்ரோல் காரில் கை வைப்பது குறைவு. அக்கா மகன் ஆயிற்றே என்று பேனட்டைத் திறந்தேன். அந்த வால்வைக் கழற்றி மேசையில் போட்ட நாளிலிருந்து ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வந்த கோபம் எங்கே போகிறது?

வால்வுக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் சம்பந்தம் உண்டு.

என் அப்பா ரைஸ் மில்லில் பாய்லர் பார்த்தவர். நெல் அவிக்கிற நீராவிக்கு உமி தள்ளி எரிப்பார். பாய்லர் தலையில் சேஃப்டி வால்வு இருக்கும். அளவுக்கு மேல் நீராவி சேர்ந்தால் அது தானே மூடியைத் தூக்கிக்கொண்டு கத்தும். தெருக்கோடி வரை கேட்கும். குக்கரில் இருப்பதும் அந்த வம்சம்தான். 1679 இல் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பையும் மசிய வைக்கும் மூடிய பானை ஒன்று செய்தார். அது வெடித்துவிடாமல் இருக்க, எடை தொங்கும் வால்வையும் அவரே சேர்த்தார். அப்பாவின் கோபம் அப்படியே அந்த வால்வு. பொங்கும், கத்தும், தட்டு பறக்கும். "உள்ளயே வெச்சிக்கக் கூடாதுடா. கத்திட்டா மனசு லேசாயிடும்" என்பார். அவருக்கு லேசாகிவிடும். சாப்பிட்டுப் படுத்தால் குறட்டை. அம்மாதான் பாதி ராத்திரி வரை, ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கிக்கொண்டிருப்பாள்.

என் மகள் உளவியல் படிக்கிறாள். தாத்தாவின் பாய்லர் கணக்கு தாத்தாவுடையது மட்டும் இல்லை என்று அவள்தான் சொன்னாள். அடைபட்ட உணர்ச்சியை வெளியே விட்டால் நோய் தீரும் என்று 1895 இலேயே புரூயரும் ஃபிராய்டும் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். அதை அமெரிக்காவில் பிராட் புஷ்மன் என்ற ஆராய்ச்சியாளர் சோதித்துப் பார்த்து 2002 இல் வெளியிட்டார். அறுநூறு மாணவர்கள். அவர்கள் எழுதிய கட்டுரையை இன்னொருவர் கண்டபடி திட்டியதாகக் காட்டிக் கோபமூட்டினார். ஒரு கூட்டத்துக்கு, திட்டியவனை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டை மூட்டையைக் குத்தச் சொன்னார். இன்னொரு கூட்டத்தைச் சும்மா இரண்டு நிமிஷம் உட்கார வைத்தார். குத்தியவர்களுக்குக் கோபம் கூடியிருந்தது. சும்மா உட்கார்ந்தவர்கள்தான் இருந்ததிலேயே சாந்தமாக இருந்தார்கள்.

"அப்போ தாத்தா சொன்னது தப்புப்பா" என்றாள். அப்பா இருந்திருந்தால் இதற்கும் கத்தியிருப்பார்.

இப்போது மேசைக்கு வருகிறேன்.

டர்போவை இரண்டே வரியில் சொல்லலாம். இன்ஜின் எரித்து வெளியே தள்ளும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி இன்ஜினுக்கு ஊட்டுகிறது. 1905 இல் ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிஸ்காரர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கழித்த மூச்சை வைத்துப் புது மூச்சு இழுக்கிற வேலை. தண்டு சுற்றுவது நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல்.

பெட்ரோல் வண்டியில் அந்தக் காற்று போகும் வழியில் ஒரு கதவு உண்டு. திராட்டில் என்போம். உள்ளே இருக்கும் தகடு பட்டர்ஃபிளை. ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும், காலை எடுத்தால் மூடும். சிக்கல் அங்கேதான். கால் எடுத்தது டர்போவுக்குத் தெரியாது. அது பாட்டுக்குச் சுற்றிக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளிய காற்று மூடிய கதவில் முட்டி, திரும்பி வந்து, தன்னை அனுப்பிய சக்கரத்தையே அடிக்கும். அப்போது வருகிற சத்தம் "டுடுடுடு". கோபுரத்திலிருந்து புறாக் கூட்டம் ஒரே சமயத்தில் கிளம்பின மாதிரி இருக்கும். பையன்கள் இதையும் ரசிக்கிறார்கள். எனக்கு அது தண்டும் பேரிங்கும் அடி வாங்குகிற சத்தம். அந்த அடியைத் தவிர்க்கத்தான் கதவுக்கு முன்னால் இந்த வால்வு. முட்டி நிற்கிற காற்றுக்கு ஒரு கொல்லை வழி.

வால்வு உள்ளங்கைக்குள் அடங்கியது. அலுமினியக் கூடு, நீலச் சாயம். திறந்தால் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் கீழே ஒரு பிஸ்டன். பிஸ்டனைக் கட்டைவிரலால் அமுக்கினேன். முரண்டு பிடித்தது. தலையில் சின்னதாக ஒரு மூக்கு, அதில் ஒரு ரப்பர் குழாய், நம் பம்பு செட் டீசல் குழாயைவிட ஒல்லி. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அந்தக் குழாயில் வாயை வைத்து இளநீர் உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சினேன். "டக்". பிஸ்டன் தானே ஏறிக்கொண்டது. வாயை எடுத்ததும் இறங்கிவிட்டது. மறுபடி உறிஞ்சினேன், மறுபடி டக். அக்கா மகன் மாமாவுக்கு என்ன ஆச்சு என்று பார்த்தான்.

நான் அதுவரை இதுவும் அப்பாவின் வால்வு என்றே நினைத்திருந்தேன். அழுத்தம் அதிகமானால் திறக்கும், அவ்வளவுதானே என்று. இல்லை. முழு வேகத்தில் போகும்போது பிஸ்டனுக்குக் கீழே எவ்வளவு அழுத்தமோ, அந்த ஒல்லிக் குழாய் வழியாக மேலேயும் அதே அழுத்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் சமம் என்பதால் ஸ்பிரிங் லேசாகப் பிடித்தாலே போதும், வால்வு மூடியே கிடக்கும். அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் அது திறப்பதில்லை. காலை எடுத்துக் கதவு மூடினதும், கதவுக்கு அந்தப் பக்கம் இன்ஜின் சுற்றி உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் வெறுமை உண்டாகிறது. வேக்கம் என்போம். அந்த வெறுமை குழாய் வழியே ஏறிவந்து பிஸ்டனை மேலே இழுக்கிறது. அப்போதுதான் பிஸ்ஸ். (இப்போது வருகிற பல வண்டிகளில் இதைக் கரண்டே திறந்துவிடுகிறது. கால் எடுத்ததை ஒரு பெட்டி பார்த்துச் சொல்லும். விஷயம் அதேதான்.)

2001 இல் ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் படம் வந்த பிறகு உலகத்துப் பையன்களுக்கெல்லாம் அது வீரத்தின் சத்தமாகிவிட்டது. உண்மையில் வண்டி வேகத்தைக் கேட்கிற நேரத்தில் அது வாயே திறப்பதில்லை. கேட்பதை நிறுத்தின கணத்தில் வருகிற சத்தம் அது.

இதைச் சொன்னால் நான் எறிந்த ஸ்பேனரையும் சொல்லியாக வேண்டும்.

2009 இல் ஒரு லாரி முதலாளி, டர்போ மாற்றிய கூலியும் சாமானுமாகப் பதினேழாயிரம் பாக்கி வைத்து எட்டு மாதம் இழுத்தார். ஒருநாள் தானே வந்து நின்று, "இன்னா மேஸ்திரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். நாலு லாரி ஓட்டுகிறவர். அவர் வண்டி போனால் அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வண்டி போகும். "சரிங்கண்ணா" என்றேன். சிரித்தேன்கூட. என் காசில் டீ சொன்னேன். அவர் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன், கல்வராயன் மலைப் பையன், பதினெட்டு வயசு, துடைத்து வைத்த நாசிலைக் கை தவறி மண்ணில் போட்டான். என் கையில் 17 ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர் இருந்தது. எறிந்தேன். கணுக்காலில் பட்டது.

அவன் கத்தவில்லை. நாசிலைப் பொறுக்கி, டீசலில் அலசி, தட்டில் வைத்தான். கையைச் சோப்பு போட்டுக் கழுவினான். நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனான். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

நாலு மாதம் கழித்து வெள்ளிமலைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து நடந்து அவன் ஊருக்குப் போனேன். திருப்பூர் போய்விட்டான் என்றார் அவன் அம்மா. நிலுவைக் கூலி அறுநூறைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு, "குந்துங்க" என்று திண்ணையில் கடுக்காய் காயப்போட்டிருந்த சாக்கை இழுத்து இடம் விட்டார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முதலாளிக்கென்று மூண்ட அழுத்தம். பயம் கதவைச் சாத்தியது. காற்று திரும்பி வந்து பின்னால் நின்றவனை அடித்தது. டுடுடுடு.

திருக்குறளில் வெகுளாமை 31 ஆம் அதிகாரம். அதன் முதல் குறள், கோபம் செல்லுபடியாகிற இடத்தில் அதைக் காப்பவனைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று விட்டுவிடுகிறது. முதலாளியிடம் நான் காத்தது எனக்கு எந்தக் கணக்கிலும் ஏறாது. பையனிடம் காத்திருக்க வேண்டும். இந்த ஒரு இடத்துக்காகவே வள்ளுவரை எனக்குப் பிடிக்கும். அடி வாங்குகிறவனைப் பார்த்து 'கோபப்படாதே' என்று அவர் அங்கே ஆரம்பிக்கவில்லை. அடிக்க முடிகிறவனின் கையைப் பிடிக்கிறார். 1976 இல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தது அந்தப் பையனின் மலை. அந்த மலைக்காரனிடம் போய் சாந்தத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை?

சரி, கோபத்தில் காலை எடுப்பது என்றால் என்ன? பதினேழாயிரத்தை விட்டுவிடுவதா? நெடுநாள் இந்த இடத்திலேயே முட்டி நின்றேன். ஏமாற்றுகிறவனுக்கு இது வசதியான தத்துவம் ஆயிற்றே. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. பாக்கி நோட்டில் எழுதியிருந்த தொகை கொதிக்கவில்லை. அது நீல மையில் சும்மா கிடந்தது. கொதித்தது வேறு. டீக்கடைக்காரர்கள் முன்னால் அந்த ஆள் என்னிடம் ஒரு தடவையாவது பயந்து பேச வேண்டும் என்ற ஆசை. கார் விஷயத்தில் காலும் கதவும் ஒன்று. காலை எடுத்தால்தான் கதவு மூடும். மனிதனுக்கு அப்படி இல்லை. கதவைச் சாத்திக்கொண்டே மிதித்துக்கொண்டும் இருக்க நம்மால் முடியும். 'சரிங்கண்ணா' என்றது கதவு, கால் எடுபடவில்லை. அதனால் வெறுமை உண்டாகவில்லை, வால்வு திறக்கவில்லை. பதினேழாயிரத்தில் ஒன்பதாயிரம் பிறகு வந்தது. மீதியை இப்போதும் அவரைப் பார்த்தால் கேட்பேன். கேட்பதற்குச் சூடு தேவையில்லை என்று தெரிய எனக்குப் பத்து வருஷம் பிடித்தது.

வள்ளுவர் பொறையுடைமையை 16 ஆம் அதிகாரமாக இல்லறத்தில் வைத்தார். வெகுளாமையைத் துறவறத்தில் வைத்தார். கோபத்துக்கு அடியில் கிடக்கிற ஆசையை எடுக்கும் அவா அறுத்தலும் அங்கேதான், ஆறு அதிகாரம் தள்ளி, 37. குடும்பஸ்தனுக்குப் பொறுத்துக்கொள்ளத்தான் சொல்லியிருக்கிறார். கோபம் வராமலே இருக்கிற வித்தை துறவிக்கு. இதை ஒரு டீசல்காரனால் சுலபமாகப் புரிந்துகொள்ள முடியும். இத்தனை வருஷம் டர்போ பார்த்தும் நான் ப்ளோ ஆஃப் வால்வைக் கையில் எடுத்ததில்லை, ஏனென்றால் பழைய டீசலில் காற்றுக்குக் கதவே கிடையாது. காலை எடுத்தால் டீசல் குறையும். காற்று பாட்டுக்கு உள்ளே போகும், வெளியே வரும். முட்ட ஒன்றுமில்லை. திரும்பி அடிக்க ஒன்றுமில்லை.

எங்கள் ரோட்டிலேயே வடக்கே போனால் திருவண்ணாமலை. 1924 இல் ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்தபோது ரமணருக்குத் தொடையில் அடி விழுந்தது. திருப்பி அடிக்கக் கிளம்பியவர்களை அவர் தடுத்துவிட்டார். தனக்கும் கொஞ்சம் பூசை ஆயிற்று என்று பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாராம். 'பூசை'க்கு நம் ஊரில் இரண்டு அர்த்தம் என்பது தெரிந்தவர்கள்தான் அந்தச் சிரிப்பைக் கேட்க முடியும். கதவில்லாத இன்ஜின். எனக்கு அது ஆகிவராது. எனக்குக் கதவும் உண்டு, பாக்கி நோட்டும் உண்டு. வால்வு வேண்டும்.

இன்னொரு சரக்கும் விற்கிறது. சைலன்சர் குழாய்க்குள் செருகுகிற அலுமினிய விசில். டர்போவே இல்லாத வண்டியும் டர்போ மாதிரி ஊதும். சில பஜனைக் கோஷ்டிகளில் அந்த விசிலை நான் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் சொன்னால் அடுத்த மார்கழியில் எனக்குப் பொங்கல் கிடைக்காது.

அக்கா மகன் வண்டிக்கு என்ன ஆயிற்று என்றால், கம்பெனி போட்டிருந்த வால்வு காற்றை வெளியே விடாது. ஒரு குழாய் வழியாக டர்போவின் வாய்க்கே திருப்பி அனுப்பும். சத்தமும் வராது. இவன் அதைக் கழற்றிவிட்டு, வெளியே ஊதுகிற வால்வை மாட்டியிருக்கிறான். அவன் வண்டியில் ஏர் ஃபில்டர் பக்கத்திலேயே ஒரு சென்சார் உட்கார்ந்து, உள்ளே வருகிற காற்றைக் கணக்குப் பிள்ளை மாதிரி எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்குக்குத் தகுந்தபடி பெட்ரோல் விழுகிறது. எண்ணிய காற்றை இவன் ரோட்டில் ஊதிவிட்டால், இல்லாத காற்றுக்குப் பெட்ரோல் விழும். பிளக் நனையும், வண்டி அணையும். கதவுக்கு அந்தப் பக்கம் அழுத்தத்தை மட்டும் அளக்கிற வண்டியாக இருந்திருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை. கூடவே நின்று பார்த்த என் சிநேகிதர், தேவாரம் பாடுகிறவர், "கணக்கில் ஏறின வினையை ஊதித் தள்ள முடியுமா? அனுபவிச்சுத்தான் கழிக்கணும்" என்றார். எதைப் பார்த்தாலும் அவருக்கு அதுதான். இந்தத் தடவை மறுத்துப் பேச எனக்கு வழியில்லை.

"பழசையே மாட்டிடறேன்" என்றேன்.

"சத்தம் போயிடுமே மாமா."

பையன் முகத்தைப் பார்த்தேன். அவன் வயசில் நான் புல்லட் சைலன்சரைக் குடைந்தவன். பாதிக் காற்றை உள்ளே திருப்பிப் பாதியை வெளியே விடுகிற வால்வும் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். இல்லறத்தானுக்கு ஏற்ற வால்வு. விசாரித்து வரவழைத்தேன். இரண்டு நாள் பட்டறையிலேயே கிடந்து, என்னோடு சேர்ந்து அவனே மாட்டினான். மூக்கில் ரப்பர் குழாயைச் செருகிக் கிளிப் போட்டபோது, "அதை நல்லா இழுத்துப் பாரு, அது கழண்டா எல்லாம் போச்சு" என்று மூன்று தடவை சொன்னேன். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தது நான். 10 ஆம் நம்பர். 17 சுவரில் ஆணியில் தனியாக மாட்டியிருக்கிறது. ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமானோடும் அதற்கும் சந்தனம், குங்குமம் உண்டு. வேலைக்கு எடுப்பதில்லை.

சாயங்காலம் கிளம்பினான். வண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பியது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று குறுக்கே வந்திருக்க வேண்டும். முடுக்கிக்கொண்டிருந்த இன்ஜின் சத்தம் பாதியில் நின்றது. சின்னதாக ஒரு "பிஸ்".

டீக்கடைப் பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். "டயரா?"

"இல்லீங்க, காலை எடுத்துட்டான்" என்றேன்.